மறியலால் (சிறையிலிருந்து) வருபவருக்குத் துணை நிற்க நினைப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்று ஒரு துறைமுக ஊர். இருநூறு வருடங்களுக்கு முன்பு, அதற்குப் பக்கத்துக் கிராமமான கெய்ஸ்டரில் சாரா மார்ட்டின் என்ற பெண் பாட்டியோடு வாழ்ந்தார். தாய் தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். தையல் பழகி, மூன்று மைல் நடந்து ஊருக்குள் போய், வீடு வீடாக நாட்கூலிக்குத் தைத்துப் பிழைத்தார். 1819இல், பெற்ற பிள்ளையைக் கொடுமையாக அடித்த ஒரு தாயை அந்த ஊர்ச் சிறையில் அடைத்தார்கள். அவளைப் பார்க்க வேண்டும் என்று சாரா கேட்டார். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். மறுபடியும் போய்க் கேட்டார். விட்டார்கள்.

1843இல் இறக்கும் காலம் வரை அந்தக் கைதிகளை அவர் கைவிடவில்லை. கிழமையில் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே இருந்தவர்களுக்கு எழுத வாசிக்கப் பழக்கினார். தர்மத்துக்கென்று வந்த ஒன்றரைப் பவுண்டில் துணி வாங்கி, பெண் கைதிகளைக் கொண்டு குழந்தை உடுப்புத் தைப்பித்து விற்றார். அந்தச் சின்ன முதல் சுழன்று சுழன்று, காலப்போக்கில் 400 பவுண்டுக்கு மேல் சாமான் விற்கும் அளவுக்கு வந்தது. விடுதலையாகிப் போகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கவும் தனியாக ஒரு நிதி வைத்திருந்தார்.

நானும் தையல்காரிதான். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புக்கு அருகே, ஆரையம்பதிப் பக்கம் இரண்டு மெஷின் போட்டு இருக்கிறேன். மறியலால் வருகிறவர்களுக்குத் துணை போகும் வேலையில் இறங்கி இரண்டு வருடம் ஆன பிறகுதான் சாராவின் கதை எனக்குத் தெரிய வந்தது. பதவி இல்லை, பணம் இல்லை, பின்னால் பெரிய நிறுவனம் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் மனம் மட்டும் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பெரிய தைரியம் வந்தது. இப்போது எங்கள் ஊர்களிலிருந்து சிலர், "நாங்களும் சேர்ந்து செய்யலாமா அக்கா" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவதெல்லாம் முதல் மூன்று மாதத்தைப் பற்றியது. அந்தக் காலத்தில் ஒருவர் விழாமல் பார்த்துக்கொண்டால், அப்புறம் பெரும்பாலும் அவரே நடப்பார் என்பது என் அனுபவம்.

தொடங்குமுன்

தனியாக இறங்காதீர்கள். மூன்று பேராவது வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து போனால், எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) எந்த வீட்டு வாசலிலும் பேசலாம். மாதர் சங்கம், மரண சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், எதிலாவது ஏற்கெனவே இருப்பவர் என்றால் நல்லது. கையில் ஒரு கொப்பி வைத்திருங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் போக வேண்டிய இடம் மட்டக்களப்புச் சிறைச்சாலை. அங்கே கைதிகளின் நலனையும் புனர்வாழ்வையும் பார்க்கும் உத்தியோகத்தர் இருப்பார். அடையாள அட்டையோடும், நீங்கள் யார் என்று உங்கள் சங்கமோ மதகுருவோ தந்த கடிதத்தோடும் போங்கள். முதல் நாளே கதவு திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாராவுக்கும் முதல் நாள் திறக்கவில்லை. அந்த உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டியது சின்ன விஷயம்: போவதற்கு இடமில்லாமல், பார்க்க ஆள் வராமல் இருக்கிற யாராவது அடுத்த மாதம் வெளியே வருகிறார்களா? ஆள் சம்மதித்தால் மட்டும் சந்தியுங்கள்.

நீண்ட தண்டனை பெற்றவர்கள் கொழும்பு வெலிக்கடை போன்ற தூரத்துச் சிறைகளிலிருந்தும் வருவார்கள். உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ வந்து இறங்கும் ஒருவர், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். பெப்ரவரி 4, வெசாக், நத்தார் போன்ற நாட்களில் பொதுமன்னிப்பில் பலரை ஒரே நேரத்தில் விடுவார்கள். அந்தக் கிழமைகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்.

என்ன குற்றம் செய்தீர்கள் என்று ஆளிடம் கேட்க வேண்டாம். பிள்ளைகளைத் துன்புறுத்தியது, வீட்டில் அடித்தது, இந்த இரண்டை மட்டும் உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். மற்றது அவர் சொல்லும்போது சொல்லட்டும். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள் நம் நாட்டில் ஏராளம். கசிப்பு (கள்ளச் சாராயம்) வழக்கில் தண்டம் விழுந்து, அதைக் கட்ட முடியாமல் போன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆள் வருமுன் குடும்பம்

மோட் பாலிங்டன் பூத் என்ற அம்மையார் 1896இல் நியூயோர்க் பக்கத்துச் சிங் சிங் சிறையில் வேலை தொடங்கி, வெளியே வருகிறவர்கள் வேலை கிடைக்கும்வரை தங்க 'ஹோப் ஹோல்' என்ற வீட்டையும் அமைத்தார். கைதிகள் அவரைச் 'சின்னம்மா' என்பதுபோல அன்பாக அழைத்தார்கள். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆள் உள்ளே இருக்கும்போதே வெளியே இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் தேடிப் போனதுதான். பட்டினி கிடந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறவர் மறுபடியும் தப்பான வழியில் காசு தேடுவார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்களும் விடுதலைக்கு ஒரு மாதம் முந்தியே வீட்டுக்குப் போங்கள். இங்கேதான் நம் பக்கத்து நடைமுறையைத் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைக் கட்டிச் சீதனமாகக் கொடுக்கிறோம். மருமகன் வந்து இருக்கிறார். அப்படியானால் மறியலால் வரும் ஆணுக்கு உரிமையோடு போக வீடே கிடையாது. மனைவியின் வீடு மாமியின் சொல்லில் நடக்கிறது. தாயிடம் போகலாம் என்றால், தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு அறையில் ஒதுங்கி இருப்பார். அங்கே அதிகாரம் மச்சானுடையது. வெளியூரிலிருந்து வரும் உதவித் திட்டங்களின் படிவத்தில் 'சொந்த வீடு உண்டா' என்ற கேள்விக்கு இந்த ஆண்கள் ஆம் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அவர்கள் மாமியின் விருப்பத்தில் இருக்கிறவர்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஒருவரைச் சிறை வாசலிலிருந்து நேரே மனைவியின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. மாமி படலையைச் சாத்திவிட்டார். "நீ நல்ல எண்ணத்திலதான் வந்திருக்காய் மகள். ஆனா என்னட்டக் கேக்காம கூட்டி வந்திற்றாயே" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த மனிதர் அன்று இரவு பஸ் நிலையத்தில் படுத்தார். மூன்றாம் நாள் பழைய கூட்டாளிகளோடு இருந்தார். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆகவே மாமியிடம்தான் முதலில் போக வேண்டும். வெற்றிலைத் தட்டு வைத்து உட்காரச் சொல்லும்வரை விஷயத்தைத் தொடங்க வேண்டாம். அவர் கோபத்தை முழுதாகக் கொட்டட்டும். ஊர் ஏசியது, குமர்ப் பிள்ளையின் கலியாணப் பேச்சு தவறிப்போனது, எல்லாம் வரும். குறுக்கே பேசாதீர்கள். இரண்டாம் முறை போகும்போது கேளுங்கள்: நிரந்தரமாக ஏற்க முடியாவிட்டாலும், முதல் பத்து நாள் வளவுக்குள் ஒரு கொட்டிலிலாவது இருக்கலாமா? பலர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் தாய்மாமன், மூத்த அக்கா என்று அடுத்த வாசல். எதுவும் அமையாவிட்டால், வேலை செய்யும் இடத்திலேயே தங்கும் வசதியைத் தேட வேண்டும். மீன் வாடியிலோ, நெல் மில்லிலோ, செங்கல் வாடியிலோ அப்படி இடம் கிடைக்கும்.

பெண் என்றால் நிலைமை தலைகீழ். வீடு அவள் பேரில் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த காலத்தில் புருஷன் விட்டுப் போயிருப்பார், பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளரும், வீட்டை யாராவது ஈடு வைத்திருப்பார்கள். அவள் வருமுன் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பிள்ளைகளையும் பற்றி விசாரித்து வையுங்கள். பிள்ளைகளை உடனே திரும்பக் கேட்க வேண்டாம் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பின்னேரங்களில் வந்து பார்த்து, தலை வாரிவிட்டு, சோறு தீத்திப் போகட்டும். ஒரு மாதத்தில் பிள்ளை தானாகப் பின்னால் வரும்.

வீட்டில் அடித்தவர் என்றால், மனைவி முழுமனதோடு சம்மதித்தால் ஒழிய, மாமி அழைத்தாலும் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். அந்தப் பெண்ணிடம் 1938 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைத் துன்புறுத்தியவர் என்றால், பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. இரக்கம் பார்த்து இந்த இடத்தில் தளரக்கூடாது.

வாசலில்

விடுதலை நாளில் காலையிலேயே போய் நில்லுங்கள். ஒரு பையில் இவை இருக்கட்டும்: சாரமும் சேட்டும், அல்லது பாவாடை சட்டையும், முஸ்லிம் பெண்ணுக்கு அபாயாவும் முந்தானையும், செருப்பு, சவர்க்காரம், பற்பசை, துவாய், பெண்களுக்கு மாத விலக்குத் துணி. உடுப்பு புதிதாக இல்லாவிட்டாலும் அளவு சரியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் சட்டையோடு ஊருக்குள் இறங்கும் மனிதரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தையல்காரி என்பதால் இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். உள்ளே போனபோது இருந்த உடம்பு இருக்காது, அரைவாசி மெலிந்திருப்பார்கள்; முந்தியே அளவு கேட்டு வாங்குங்கள்.

வாசலை விட்டு நகருமுன் மூன்று விஷயம். உள்ளே போகும்போது வாங்கி வைத்த சாமான் எல்லாம் திரும்பக் கிடைத்ததா என்று அவர் பார்க்கட்டும். விடுதலைக்கான கடதாசியை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நீங்கள் வைத்திருங்கள். வழியில் பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டி வரும். மூன்றாவது, வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? ஒரு வழக்கில் விடுதலையாகி, இன்னொரு வழக்கின் தவணை தெரியாமல் இருந்து, பிடியாணையில் மறுபடியும் பிடிபட்டவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வசதி இல்லாதவர்களுக்காகவே சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. நன்னடத்தைப் பிணை, சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போன்ற நிபந்தனை ஏதாவது இருந்தால், எந்த நாளில் எங்கே கையெழுத்து என்பதை அங்கேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவசரம் வேண்டாம். என்ன வேண்டும் என்று அவரையே சொல்ல விடுங்கள். பல வருடம் கொடுத்ததைத் தின்றவருக்கு, "எனக்கு இடியப்பம்" என்று சொல்லவே கொஞ்ச நேரம் எடுக்கும்.

பஸ் காசைக் கணக்காகக் கொடுங்கள். கூடவே போவது இன்னும் நல்லது. படுவான்கரைக்குள் (வாவிக்கு மேற்கே) போகிறவர் என்றால் மத்தியானத்துக்கு முன் பஸ் ஏற்றுங்கள். பின்னேரம் பஸ் குறைவு. திருக்கோவில், பொத்துவில் பக்கம் என்றால் பஸ் மாற வேண்டி வரலாம், மாறும் இடங்களை எழுதிக் கொடுங்கள்.

உடம்பு

சிறையில் மருந்து எடுத்தவர் என்றால் மருந்து அட்டையோடு வர வேண்டும். சயரோக (காசநோய்) மருந்து எடுப்பவர் ஆறு மாதமாவது விடாமல் எடுக்க வேண்டும். வெளியே வந்த மகிழ்ச்சியில் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும், வீட்டுக்கும் தொற்றும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அரசாங்க மார்பு நோய் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், செலவில்லை. போதைத் தூள் பாவித்தவர் என்றால் ஒன்றை அவரிடமும் வீட்டாரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை மறுபடி எடுத்தால் உயிர் போகலாம். நித்திரை இல்லை, யாரோடும் பேச்சில்லை, சாக வேண்டும் என்கிறார் என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

கடதாசிகள்

இது அலுப்பான வேலை, ஆனால் இதில்தான் பலர் உடைந்து போகிறார்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு ஜிஎஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) விண்ணப்பம் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பண பட்டியலில் குடும்பம் இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

ஜிஎஸ்ஸிடம் முதல் தடவை நீங்கள் கூடவே போங்கள். ஒரு பெண்ணை ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் அலைய விட்டார்கள். நான்காம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரை மணித்தியாலத்தில் கையெழுத்து வந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதற்கு அவ்வளவு பெறுமதி.

தொழில்

காசாகக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கருவியாகவோ மூலப்பொருளாகவோ கொடுங்கள். மேசனுக்கு மட்டமும் கரண்டியும், மீனவருக்கு வலை, பெண்ணுக்குத் துணியும் நூலும். சாரா செய்தது அதுதான். நாங்கள் 5,000 ரூபாய்த் துணியில் தொடங்கினோம். தலையணை உறை, பாடசாலைப் பை, குழந்தைச் சட்டை தைத்து விற்று, முதலைத் திரும்ப நிதிக்குப் போட வேண்டும், இலாபம் தைத்தவருக்கு. வட்டி கிடையாது, தவணை தவறினால் ஏச்சும் கிடையாது. திரும்ப வராத முதலும் இருக்கிறது. அதை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்ப்போம்.

முதல் வேலை எப்படியும் கூலி வேலையாகத்தான் இருக்கும். பெரும்போக வெட்டுக் காலமான ஜனவரி முதல் மார்ச் வரை வயல் பக்கம் ஆள் தேவை. மெஷின் வெட்டினாலும் மூட்டை தூக்க, காயப்போட ஆள் வேண்டும். மருதமுனைப் பக்கம் தறி வேலை இருக்கிறது. கூலி கிழமைக் கடைசியில் வரும் என்றால், அந்த முதல் கிழமைக்கு அரிசியும் பருப்பும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு நாளில்தான் ஆள் நழுவிப் போவார். உள்ளே தொழில் பழகியவர் என்றால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டித் தகுதி பெறும் வழியும் அதில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் விசாரியுங்கள்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்வதா? ஆளைக் கேட்டு, அவர் சரி என்றால், முதலாளி ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் ஊரார் சொல்வார்கள். அப்போது வேலை மட்டுமல்ல, உங்கள் வாக்கும் போகும். ஆனால் காசுப் பெட்டிக்கு நீங்கள் பிணை நிற்க வேண்டாம்.

வீட்டில் கிழமைக் கடன் இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். நுண்கடன் அறவிட வருகிறவர்கள் வாசலில் வந்து நிற்பதுதான் பல பேரைத் திரும்பவும் இருட்டுக்குள் தள்ளுகிறது. புதுக் கடன் எடுத்துப் பழைய கடன் கட்டுவதை எப்பாடுபட்டாவது தடுங்கள்.

ஊர்

கோயில் திருவிழாவோ பள்ளிவாசல் கந்தூரியோ வருமுன், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடமோ, பள்ளிவாசல் பொறுப்பாளரான மரைக்காயரிடமோ தனியாகப் போய்ப் பேசிவிடுங்கள். சபையில் வைத்துக் கேட்டால் அவரால் ஆம் என்று சொல்ல முடியாது. தனியாகக் கேட்டால், "வரச் சொல்லுங்க, அன்னதானத்துக்கு விறகு கொத்தட்டும்" என்பார். ஒரு நாள் எல்லோரும் பார்க்க விறகு கொத்தினால், நூறு சமாதானப் பேச்சுக்குச் சமம்.

போட்டோ எடுக்காதீர்கள். பை கொடுப்பதை, அரிசி கொடுப்பதை, எதையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். நன்கொடை தந்தவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கணக்கைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்து அவருடைய மகளின் பாடசாலையில் யாரோ காட்டுவார்கள்.

திரும்பிப் போனால்

சிலர் திரும்ப உள்ளே போவார்கள். அந்த நாளில் உங்களுக்கு அவமானமாக இருக்கும், ஊரும் "சொன்னோமே" என்னும். நான் செய்வது, அடுத்த பார்வை நாளில் போய் அவரைப் பார்ப்பது. ஏச மாட்டேன். வீட்டுச் செய்தியைச் சொல்வேன், எப்போது தவணை என்று கேட்பேன். இரண்டாம் தடவை வெளியே வந்து நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர்தான் இப்போது எங்களோடு வாசலில் வந்து நிற்கிறார். புதிதாக வருகிறவர்கள் என் பேச்சைவிட அவர் பேச்சைத்தான் கேட்கிறார்கள்.

கொப்பி

சாரா தன் கைதிகளைப் பற்றிக் குறிப்புப் புத்தகங்கள் எழுதி வைத்தார். கணக்கையும் ஒழுங்காக வைத்தார். அவர் போய்வந்த டோல்ஹவுஸ் சிறை இன்றைக்கு அருங்காட்சியகம்.

உங்கள் கொப்பியில் பெயர் எழுத வேண்டாம், ஓர் இலக்கம் போதும். கொப்பி தொலைந்தாலும் யாருக்கும் தீங்கு வராது. வெளியே வந்த திகதி, எங்கே தங்குகிறார், எந்தக் கடதாசி வந்தது, எது வரவில்லை, வழக்குத் தவணை, மருந்து முடியும் நாள், கொடுத்த சாமான், திரும்பி வந்த முதல். முதல் மாதம் கிழமைக்கு இரண்டு தடவை, இரண்டாம் மாதம் ஒரு தடவை, மூன்றாம் மாதம் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, போன நாளை எழுதுங்கள். தொண்ணூறாம் நாள் போகும்போது எதுவும் கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் அன்றைக்கு அவர்கள்தான் உங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தருவார்கள்.